கிளிபர்ட் சான்ஸ்: இரண்டு நூற்றாண்டு கண்ட ஒரு கூட்டு வியாபாரம்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதைத் தற்காலிகமாக நிறுத்துவதாக இலங்கை அரசாங்கம் அறிவித்தது. அடுத்த மாதமே கடன் மறுசீரமைப்புக்கென இரண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் நியமிக்கப்பட்டன. நிதி ஆலோசகராக 'லசார்ட்', சட்ட ஆலோசகராக 'கிளிபர்ட் சான்ஸ்'. பத்திரிகைகளில் இப்பெயர்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆனால் 'நமது நாட்டில் இத்தனை சட்டத்தரணிகள் இருக்க, சட்டமா அதிபர் திணைக்களமும் இருக்க, லண்டனிலிருந்து ஏன் ஒரு சட்ட நிறுவனத்தை அழைக்க வேண்டும்?' என்ற கேள்வி நம்மில் பலருக்கு எழுந்தது. அந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் இத்தகைய நிறுவனங்கள் எவ்வாறு தோன்றின, என்ன வேலை செய்கின்றன, எவ்வாறு இலாபம் பகிர்கின்றன என்பவற்றை அறிந்துகொள்ள வேண்டும். கூட்டாக வியாபாரம் செய்வோருக்கு அதில் படிப்பினைகளும் உண்டு.

சட்ட நிறுவனம் என்றால் என்ன?

நமது நாட்டில் முன்னர் 'அப்புக்காத்து' என்றும் 'பிரக்கிராசி' என்றும் இரு வகையினர் இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். அப்புக்காத்து நீதிமன்றத்தில் வாதாடுவார். பிரக்கிராசி கட்சிக்காரரோடு தொடர்பு வைத்து ஆவணங்களைத் தயாரிப்பார். 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இந்த வேறுபாட்டை நீக்கி, எல்லோரையும் 'சட்டத்தரணி' என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் இந்த வேறுபாடு இன்றும் இருக்கிறது. அங்கு நீதிமன்றில் வாதாடுபவர் 'பரிஸ்டர்', ஆவண வேலைகளையும் ஆலோசனையையும் கவனிப்பவர் 'சொலிசிட்டர்'. பரிஸ்டர்கள் பெரும்பாலும் தனித்தனியே தொழில் செய்பவர்கள். சொலிசிட்டர்கள் பலர் ஒன்றுசேர்ந்து பங்குடமையாகத் தொழில் நடத்துவார்கள். லண்டனின் பெரிய சட்ட நிறுவனங்கள் யாவும் இந்தச் சொலிசிட்டர் பங்குடமைகளிலிருந்து வளர்ந்தவையே. கொழும்பிலும் 1841இல் தொடங்கிய எப்.ஜே. அன்ட் ஜி. டி சேரம், 1879இல் தொடங்கிய ஜூலியஸ் அன்ட் கிறீசி போன்ற பழைய சட்ட நிறுவனங்கள் இருக்கின்றன.

இவ்வகை நிறுவனம் ஒன்றில் மூன்று தட்டினர் உள்ளனர். மேல் தட்டில் பங்காளர்கள். நிறுவனத்தின் சொந்தக்காரர்கள் இவர்களே. இலாபம் இவர்களுக்குரியது. நடுவில் சம்பளத்திற்கு வேலை செய்யும் சட்டத்தரணிகள். கீழ்த் தட்டில் பயிற்சி பெறுவோர். பல ஆண்டுகள் உழைத்துத் திறமையை நிரூபித்தவர்களை மாத்திரமே பங்காளர்களாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

இரு நிறுவனங்களின் வரலாறு

'கிளிபர்ட் சான்ஸ்' என்பது ஒரு மனிதரின் பெயர் அல்ல. இரு நிறுவனங்களின் பெயர்களிலிருந்து பாதி பாதியாக எடுத்து ஒட்டிய பெயர் அது.

முதலாவது, 'கவர்ட் சான்ஸ்'. இது 1802ஆம் ஆண்டு அந்தனி பிரவுண் என்ற சொலிசிட்டர் லண்டன் நகரில் தொடங்கிய தொழிலிலிருந்து வளர்ந்தது. பங்காளர்கள் மாற மாறப் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. ஆபிரிக்காவில் வைரச் சுரங்கங்களால் பெரும் செல்வம் சேர்த்த செசில் ரோட்ஸ் என்பவரின் சொலிசிட்டராக இருந்த ஹோக்ஸ்லி இந்த நிறுவனத்தின் பரம்பரையில் வந்தவர். புகழ்பெற்ற ரோட்ஸ் புலமைப்பரிசிலுக்கு வழிவகுத்த மரண சாசனத்தை நிறைவேற்றுவோரில் அவரும் ஒருவர். பின்னாளில் கவர்ட் சான்ஸ் வங்கித் துறைச் சட்டத்தில் பெயர் பெற்றது.

இரண்டாவது, 'கிளிபர்ட் டேர்னர்'. 1900ஆம் ஆண்டு ஹரி கிளிபர்ட் டேர்னர் என்பவரால் தொடங்கப்பட்டது. கம்பனிச் சட்டமே இதன் பலம். லண்டனோடு நின்றுவிடாமல் 1962இல் பாரிஸில் அலுவலகம் திறந்தது. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பிரித்தானியா 1973இல்தான் சேர்ந்தது என்பதை நினைவிற்கொண்டால், இவர்கள் எவ்வளவு முன்கூட்டியே சிந்தித்தார்கள் என்பது விளங்கும்.

அக்காலத்தில் இவ்விரு நிறுவனங்களும் இன்றைய அளவுக்கு வளர முடியாதிருந்தமைக்கு ஒரு சட்டத் தடையும் காரணம். இங்கிலாந்தில் ஒரு பங்குடமையில் 20 பேருக்கு மேல் பங்காளர்களாக இருக்க முடியாது. 1967ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம் சொலிசிட்டர்களுக்கும் கணக்காளர்களுக்கும் இந்த வரையறையை நீக்கியது. அதன் பின்னரே நூற்றுக்கணக்கான பங்காளர்கள் கொண்ட நிறுவனங்கள் சாத்தியமாயின.

லண்டன் ஏன் மையமானது?

1963ஆம் ஆண்டு இத்தாலியின் நெடுஞ்சாலை நிறுவனமான ஓட்டோஸ்ட்ராடேக்காக 15 மில்லியன் டொலர் பெறுமதியான பிணைமுறிகள் விற்கப்பட்டன. 'யூரோபொண்ட்' எனப்படும் முறிகளில் இதுவே முதலாவது. கடன் வாங்கியது இத்தாலி, நாணயம் அமெரிக்க டொலர், ஏற்பாடு செய்தது லண்டன். இந்த வியாபாரம் வளர வளர, ஒவ்வொரு கடனுக்கும் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒப்பந்தம் எழுத வேண்டியிருந்தது. எழுதத் தெரிந்தவர்கள் லண்டனில் இருந்தார்கள். 1982இல் மெக்சிகோ தனது கடனைச் செலுத்த முடியாதென அறிவித்ததைத் தொடர்ந்து பல நாடுகளின் கடன்களை மறுசீரமைக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

1986 ஒக்டோபர் 27ஆம் திகதி லண்டன் பங்குச் சந்தையின் பழைய கட்டுப்பாடுகள் ஒரே நாளில் நீக்கப்பட்டன. 'பிக் பேங்' என்று இதனைக் கூறுவர். அமெரிக்க, ஜப்பானிய வங்கிகள் லண்டனுக்குப் படையெடுத்தன. இப்பெரிய கட்சிக்காரர்களுக்கு ஈடுகொடுக்கப் பெரிய சட்ட நிறுவனங்கள் தேவைப்பட்டன. அப்போது கவர்ட் சான்ஸும் கிளிபர்ட் டேர்னரும் லண்டனின் முதல் வரிசையில் இருக்கவில்லை. ஒன்றிடம் வங்கித் துறை அறிவு இருந்தது. மற்றதிடம் கம்பனித் துறை அனுபவமும் ஐரோப்பிய அலுவலகங்களும் இருந்தன. 1987இல் இரண்டும் இணைந்தன. இரண்டாம் வரிசையிலிருந்த இருவர், இணைந்த மறுநாளே பிரித்தானியாவின் மிகப் பெரிய சட்ட நிறுவனங்களுள் ஒன்றானார்கள்.

புதிய பெயரில் 'டேர்னர்' விடப்பட்டது. 'கவர்ட்' என்பதும் விடப்பட்டது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் கோழை என்றும் பொருள் உண்டு என்பதால், அது போனதில் கவலைப்பட்டவர்கள் அதிகம் இருந்திருக்கமாட்டார்கள். தன் பாட்டனாரின் பெயர் பலகையில் முதலில் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தே பிரிந்துபோன வியாபாரங்களை நாம் கண்டிருக்கிறோம். இவர்கள் இருவரும் ஆளுக்குப் பாதியை விட்டுக்கொடுத்தார்கள்.

2000ஆம் ஆண்டின் துணிகரம்

2000ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ரொஜர்ஸ் அன்ட் வெல்ஸ், ஜேர்மனியின் பூண்டர் ஆகிய இரு நிறுவனங்களுடன் கிளிபர்ட் சான்ஸ் ஒரே நேரத்தில் இணைந்தது. ரொஜர்ஸ் என்பவர் ஐசனோவர் காலத்தில் அமெரிக்கச் சட்டமா அதிபராகவும், 1969 முதல் 1973 வரை நிக்சனின் இராஜாங்கச் செயலாளராகவும் இருந்தவர். உலகப் பொருளாதார ஒப்பந்தங்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலேயச் சட்டத்தின் கீழோ நியூயோர்க் சட்டத்தின் கீழோ எழுதப்படுகின்றன. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். இதன் மூலம் வருமான அடிப்படையில் உலகின் மிகப் பெரிய சட்ட நிறுவனமாக அது அப்போது உயர்ந்தது.

ஆனால் கூட்டுச் சேர்வது இலகு, கூட்டை நடத்துவதே கடினம் என்பதை அடுத்த சில ஆண்டுகள் காட்டின. பிரச்சினை இலாபம் பங்கிடும் முறையில் இருந்தது. லண்டன் முறையில் பங்காளரின் பங்கு அவரது சேவைக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்காண்டு உயரும். ஒரே காலம் சேவை செய்தவர்கள் ஒரே அளவு பெறுவார்கள். இதனால் ஒருவர் கொண்டுவந்த கட்சிக்காரரை மற்றவருக்குக் கொடுப்பதில் தயக்கம் இராது. நியூயோர்க் பக்கத்திலோ அதிகம் சம்பாதித்துக் கொடுப்பவர் அதிகம் பெறும் வழக்கம் இருந்தது. இரண்டையும் பொருத்துவதில் சிரமம் ஏற்பட்டது. அதிக வருமானம் தந்த அமெரிக்கப் பங்காளர்கள் சிலர் விலகிச் சென்றார்கள்.

2002 ஒக்டோபரில் இன்னொரு சோதனை வந்தது. அந்நிறுவனத்தின் நியூயோர்க் அலுவலகத்து இளம் சட்டத்தரணிகள் தமது மேலிடத்துக்கு எழுதிய குறிப்பு ஒன்று பத்திரிகைகளில் வெளியாகியது. மேலதிகக் கொடுப்பனவு பெறுவதற்கு ஆண்டுக்கு 2,420 மணித்தியாலங்கள் கட்சிக்காரர் கணக்கில் எழுத வேண்டும் என்ற நிபந்தனையை அவர்கள் குறை கூறியிருந்தார்கள். இத்தகைய இலக்கு, செய்யாத வேலைக்கு மணிக்கணக்கு எழுதத் தூண்டும் என்று எச்சரித்திருந்தார்கள். ஆண்டில் 50 வாரம் வேலை செய்தாலும் வாரத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல் வரும். அதுவும் கட்சிக்காரரிடம் அறவிடக்கூடிய நேரம் மாத்திரம். நிறுவனம் அந்த நிபந்தனையைக் கைவிட்டது.

இச்சோதனைகளுக்குப் பின்னரும் நிறுவனம் உடையவில்லை. 2003இல் லண்டன் கெனரி வோர்வ் பகுதியில் கட்டப்பட்ட புதிய கோபுரத்துக்குத் தலைமையகம் மாறியது. 2006இல் வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள பங்குடமையாக அது மாற்றப்பட்டது. அதாவது, ஒரு பங்காளரின் தவறுக்காக மற்றப் பங்காளரின் வீடு வாசல் ஏலம் போகாது. 2022இல் ரஷ்ய-உக்ரேன் போரை அடுத்து மொஸ்கோ அலுவலகத்தை மூடிவிட்டது. 2023-24 நிதியாண்டில் அதன் வருமானம் சுமார் 2.3 பில்லியன் பவுண். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட அலுவலகங்கள் உள்ளன.

என்னென்ன வேலைகள்?

இத்தகைய நிறுவனம் காணித் தகராறோ விவாகரத்தோ பேசுவதில்லை. அதன் பிரதான துறைகள் பின்வருமாறு:

1. வங்கி மற்றும் நிதி: பல வங்கிகள் சேர்ந்து ஒரு மின் நிலையத்துக்கோ துறைமுகத்துக்கோ கடன் கொடுக்கும்போது ஒப்பந்தங்களைத் தயாரித்தல்.

2. மூலதனச் சந்தை: அரசாங்கங்களும் கம்பனிகளும் பிணைமுறிகளையும் பங்குகளையும் வெளியிடும்போது தேவையான ஆவணங்களை எழுதுதல்.

3. கம்பனித் துறை: ஒரு கம்பனி இன்னொன்றை வாங்குதல், இணைத்தல். வாங்கப்போகும் கம்பனியின் கடன், வழக்கு, வரி நிலுவை யாவற்றையும் முன்கூட்டியே துருவிப் பார்ப்பதும் இதில் அடங்கும்.

4. போட்டிச் சட்டம்: ஓர் இணைப்பினால் சந்தையில் ஏகபோகம் ஏற்படுமா என்று அரசாங்க அமைப்புகள் விசாரிக்கும்போது கட்சிக்காரருக்காகத் தோன்றுதல்.

5. வழக்கும் நடுத்தீர்ப்பும்: நாடு விட்டு நாடு நடக்கும் வர்த்தகப் பிணக்குகள்.

6. வரி, தொழிலாளர், கட்டடம் மற்றும் காணி முதலீடு.

இவற்றோடு இஸ்லாமிய நிதித் துறையும் இருக்கிறது. டுபாய், அபூதாபி ஆகிய இடங்களில் அலுவலகம் வைத்திருக்கும் லண்டன் நிறுவனங்களுக்கு இது முக்கிய வருமானமாகும். 2014 ஜூனில் பிரித்தானிய அரசாங்கமே 200 மில்லியன் பவுண் பெறுமதியான ஸுகூக் பத்திரங்களை வெளியிட்டது. இத்துறையில் ஈடுபடும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய வழக்கு ஒன்றுண்டு. பஹ்ரைனின் ஷாமில் வங்கி, பங்களாதேஷின் பெக்சிம்கோ குழுமத்துக்கு முராபஹா அடிப்படையில் நிதி வழங்கியது. ஒப்பந்தத்தில், ஷரீஆவின் கோட்பாடுகளுக்கு உட்பட்டு ஆங்கிலேயச் சட்டம் ஏற்புடையதாகும் என்ற கருத்தில் ஒரு வாசகம் இருந்தது. பணம் திரும்ப வராததால் வங்கி வழக்குத் தொடர்ந்தது. இது உண்மையில் வட்டிக் கடனே, ஷரீஆவுக்கு முரணானது, எனவே எங்களைக் கட்டுப்படுத்தாது என்று கடனாளிகள் வாதிட்டார்கள். 2004 ஜனவரியில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஓர் ஒப்பந்தத்தை ஒரு நாட்டின் சட்டமே ஆள முடியும். ஷரீஆ என்று பொதுவாகக் குறிப்பிடுவது போதாது. குறிப்பிட்ட விதிகளை ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதியிருந்தால் வேறு விடயம் என்பது தீர்ப்பின் சாரம்.

2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தத்தின் பின்னர் நமது நாட்டிலும் இஸ்லாமிய வங்கி முறை அனுமதிக்கப்பட்டு, 2011இல் அமானா வங்கியும் செயற்படத் தொடங்கியது. முழாரபா, முஷாரகா என்று பத்திரத்தின் தலைப்பில் எழுதினால் மட்டும் போதாது, இலாபம் எவ்வாறு பகிரப்படும், நட்டம் யாரைச் சாரும், பிணக்கு எங்கே தீர்க்கப்படும் என்பவற்றை உள்ளே தெளிவாக எழுத வேண்டும் என்பதே இவ்வழக்கு தரும் எச்சரிக்கையாகும்.

இலங்கையின் கடனும் நியூயோர்க் நீதிமன்றமும்

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். இலங்கை 2007 ஒக்டோபரில் 500 மில்லியன் டொலருக்கு முதலாவது சர்வதேச இறைமைப் பிணைமுறியை வெளியிட்டது. தொடர்ந்து பல வெளியீடுகள் வந்தன. இவை நியூயோர்க் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவை. பிணக்கு ஏற்பட்டால் நியூயோர்க் நீதிமன்றின் நியாயாதிக்கத்தை ஏற்பதாகவும் இலங்கை உடன்பட்டிருந்தது. எனவே கடன் செலுத்தத் தவறியதும் வாதாட வேண்டிய இடம் புதுக்கடை நீதிமன்றமாக இருக்கவில்லை. அங்குள்ள சட்டத்தில் தேர்ந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

அவ்வாறே நடந்தது. 2022 ஜூலை 25இல் முதிர்ச்சியடைய வேண்டிய பிணைமுறியில் 250 மில்லியன் டொலருக்கு மேல் வைத்திருந்த ஹமில்டன் ரிசேர்வ் வங்கி, 2022 ஜூனில் நியூயோர்க்கில் இலங்கைக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தது. இலங்கைக்காகத் தோன்றியது கிளிபர்ட் சான்ஸ். வழக்கின் அடிப்படை ஒப்பந்தத்திலுள்ள ஒரு வாசகமாகும். அந்தத் தொடரில் 75 வீதமானோர் உடன்பட்டால் ஏனையோரையும் அது கட்டுப்படுத்தும். அப்படியாயின் 25 வீதத்துக்கு மேல் வைத்திருக்கும் ஒருவர் தனியே நின்று அதனைத் தடுக்கலாம். மொத்தம் ஒரு பில்லியன் டொலர் கொண்ட தொடரில் ஹமில்டன் வங்கி அந்த அளவைத் தாண்டியிருந்தது. பேச்சுவார்த்தைகளுக்கு இடமளிக்கும் வகையில் நீதிமன்றம் வழக்கு நடவடிக்கைகளைப் பல தடவைகள் இடைநிறுத்தியது. முறிகளை வைத்திருந்தோர் குழுவுக்கு வைட் அன்ட் கேஸ் என்ற வேறொரு சட்ட நிறுவனம் ஆலோசனை வழங்கியது. ஒரே நிறுவனம் இரு தரப்புக்கும் நிற்கக் கூடாதென்பது இத்தொழிலின் அடிப்படை விதி.

இறுதியில் 2024 டிசம்பரில் சுமார் 12.5 பில்லியன் டொலர் பெறுமதியான பழைய பிணைமுறிகளுக்குப் புதிய முறிகள் மாற்றப்பட்டன. சுமார் 98 வீதமானோர் உடன்பட்டார்கள். ஹமில்டன் வங்கி வைத்திருந்த தொடரில் மாத்திரம் தேவையான வாக்குகள் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் எழுதப்பட்ட நாளில் யாரும் பெரிதாகக் கவனித்திராத ஒரு வாசகம், பல ஆண்டுகளின் பின் ஒரு நாட்டை நீதிமன்றில் நிறுத்தியது. அதற்கான செலவையும் நாமே வரியாகச் செலுத்துகிறோம்.

நமது கூட்டு வியாபாரங்கள்

புறக்கோட்டையிலும் மற்ற நகரங்களிலும் நம்மவர்களின் வியாபாரங்கள் பல நம்பிக்கையின் பேரில் நடக்கின்றன. மைத்துனரும் மைத்துனரும், நண்பரும் நண்பரும் வாய்ச்சொல்லில் கூட்டுச் சேர்கிறார்கள். நம்பிக்கை நல்லதே. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட மூலதனம் கொண்ட பங்குடமை எழுத்தில் இருந்து கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். இன்று ஆயிரம் ரூபாவில் பெட்டிக்கடையும் போட முடியாது. ஆகவே ஏறத்தாழ எல்லாக் கூட்டு வியாபாரங்களும் இதற்குள் அடங்கும். எழுத்து இல்லையேல், நான் பங்காளி என்று மற்றவருக்கு எதிராக நீதிமன்றில் நிலைநாட்டுவது மிகக் கடினம். ஆனால் கடன் கொடுத்த மூன்றாம் நபர் உங்கள் இருவரையும் பங்காளிகள் என்று நிரூபித்து வழக்காடுவதை அதே பிரிவு தடுப்பதில்லை. அதாவது, எழுதாத கூட்டில் கடன் உங்களைத் தேடி வரும். பங்கு தேடி வராது.

பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழையே கூட்டு ஒப்பந்தம் என்று எண்ணுவோரும் உளர். அதில் மூலதனமும் இலாபப் பங்கும் விலகும் முறையும் இருப்பதில்லை. மேலும், நமது நாட்டில் பங்குடமைக்கு ஆங்கிலேயச் சட்டமே பின்பற்றப்படுகிறது. அதன்படி, மாற்று ஏற்பாடு எழுதப்படாவிடில், பங்காளர் ஒருவர் மரணித்ததும் பங்குடமை கலைந்துவிடும். தகப்பன் மரணித்த வீட்டில், மூத்த மகன் கடையில் நிற்பார். கூட்டாளி கல்லாவில் நிற்பார். விதவையும் பிள்ளைகளும் எதைக் கேட்பது என்று அறியாமல் நிற்பார்கள். குடும்பங்கள் பேச்சு வார்த்தை இல்லாமற் போவது இந்த இடத்தில்தான்.

ஆகவே, கூட்டு வியாபாரம் செய்வோர் பின்வருவனவற்றையாவது எழுதிக்கொள்ள வேண்டும்:

1. யார் எவ்வளவு முதல் போட்டார்கள்? பணமாகவா, சரக்காகவா, உழைப்பாகவா?

2. இலாபமும் நட்டமும் எந்த விகிதத்தில்? கடையில் நின்று உழைப்பவருக்குத் தனிச் சம்பளம் உண்டா?

3. காசோலையில் யார் கையொப்பமிடுவது? எந்தத் தொகைக்கு மேல் இருவரும் சம்மதிக்க வேண்டும்?

4. ஒருவர் விலகினால் அவரது பங்கை யார், எந்தக் கணக்கில், எவ்வளவு காலத்தில் வாங்குவது?

5. ஒருவர் மரணித்தால் வாரிசுகளுக்கு என்ன? வியாபாரம் தொடருமா?

6. கடையின் பெயரும் கடை அறையின் வாடகை உரிமையும் யாருக்குரியவை?

7. பிணக்கு ஏற்பட்டால் முதலில் யாரிடம் செல்வது?

சொந்தச் சொத்துக்கு ஆபத்து வரக் கூடாது என்று கருதுவோர் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் வரையறுக்கப்பட்ட கம்பனி அமைப்பதைப் பற்றி ஆலோசிக்கலாம். ஒரே ஒரு பங்குதாரருடனும் அதனை ஆரம்பிக்க முடியும்.

கிளிபர்ட் சான்ஸின் பங்காளர்கள் யாவரும் சட்டம் படித்தவர்கள். அவர்களுக்கிடையிலேயே இலாபப் பங்கு பற்றிப் பிணக்கு வந்தது. சிலர் விலகினார்கள். ஆனாலும் விலகுவோர் எவ்வாறு விலகுவது, இருப்போர் எவ்வாறு தொடர்வது என்பது எழுத்தில் இருந்ததால் நிறுவனம் நிலைத்தது. உங்கள் கூட்டு வியாபாரத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால், இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் இந்த நாட்களிலேயே நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவரிடம் சேர்ந்து செல்லுங்கள். பேச்சு நின்ற பின்னர் எழுதுவதற்கு இருவரும் ஒரே மேசையில் அமரமாட்டார்கள்.